ஸ்வேர் என்ற சொல்லுக்கு நான் சொன்ன தமிழ்

போன வாரம் கோர்ட்டிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாட்சி கூண்டில் ஏறியதும் சொல்லவேண்டிய வாசகத்தைத் தமிழில் அச்சடித்து அட்டையில் ஒட்டப் போகிறார்களாம். ‘ஸ்வேர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன தமிழ் போடுவது என்பதில் இருவருக்கும் தகராறு. ஒருவர் ‘ஆணையிடுகிறேன்’ என்கிறார். மற்றவர் ‘பிரமாணம் செய்கிறேன்’ என்கிறார்.

“நீங்க அத்தனை வருஷம் நின்ன ஆளு. ஒரே வார்த்தையில சொல்லிடுங்க, நாங்க அச்சாபீசுக்குப் போகணும்” என்றார் ஒருவர்.

ஒரே வார்த்தையாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காப்பி கொடுத்தேன், வார்த்தையைக் கொடுக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் வாசல் தாண்டும்போது, “கெழவனுக்கு மறந்துபோச்சு லா” என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. மறந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆங்கிலத்தில் பெரிய சொற்கள் பயப்படத்தக்கவை அல்ல. அகராதியைப் புரட்டினால் அகப்பட்டுவிடும். சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘ஸ்வேர்’ என்றால் தெய்வத்தைச் சாட்சி வைத்து ஒன்றைச் சொல்வது. பதவி ஏற்கிறவரும் அதைத்தான் செய்கிறார். துறைமுகத்தில் இறங்கிய மாலுமி ரிக்‌ஷாக்காரரைக் கெட்ட வார்த்தையில் வைதால் அதற்கும் அதே சொல். ஒரு வைத்தியரின் மருந்தில் ஒருவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தால், அவர் அந்த மருந்தின் மேல் ‘ஸ்வேர்’ செய்கிறார் என்பார்கள். இது இங்கிலீஷ்காரரின் சொந்தச் சரக்கு, வெளியிலிருந்து வந்த சொல் அல்ல. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சேகு மரைக்காயர் என்பவரால். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கோர்ட்டில் சேர்ந்தபோது டிராம் வண்டிக்குத் தண்டவாளம் போடுவதற்காகச் சிராங்கூன் ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படிப்பு, ஒரு வக்கீலிடம் இரண்டு வருஷம் நகல் எழுதும் வேலை, பிறகு ஒரு பரீட்சை. பயிற்சி என்று வேறு ஒன்றும் இருக்கவில்லை. தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த மரைக்காயர்தான் பயிற்சி.

நாகூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. கோர்ட் நடக்கும்போது அவர் எதன்மேலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரலாம் என்று நீதிபதி துரையே சொன்னாலும் நிற்பார். சாட்சியை அழைப்பதற்கு முன் அரைக் குவளை தண்ணீர் குடிப்பார். அந்தச் சாட்சி இறங்கிப் போகும்வரை மறுபடி குவளையைத் தொடமாட்டார். நான் ஒருமுறை நடுவில் எடுத்துக் குடித்துவிட்டேன். “அவன் அங்கே நாக்கு வறண்டு நிக்கிறான், உனக்கு மட்டும் தாகமா தம்பி?” என்று கேட்டார். அன்றிலிருந்து நானும் குடித்ததில்லை.

வேலைமுறை என்று சில வைத்திருந்தார். சாட்சிக்கு இடதுபக்கம், அரையடி பின்னால் நிற்க வேண்டும். கண்ணைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் இரக்கம் வரும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். வாயை மட்டும் பார்க்க வேண்டும். சாட்சி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ‘அவன் சொல்கிறான்’ என்று சொல்லக்கூடாது. துரையை ஒருவன் வைதால் அந்த வசவு முழுதாகத் துரைக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் சொந்தச் சொல் ஒன்றுகூட நடுவில் நுழையக்கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் சேர்ந்த நாலாம் மாதமே மீறினேன். துணி வெளுக்கும் பெரியவர் ஒருவர் கூண்டில் நின்றார். வயது என்ன என்று வக்கீல் கேட்டார். “எங்க ஊருல பெரும்புயல் அடிச்சு ஏரி ஒடைஞ்ச வருஷம் பொறந்தேன்” என்றார் பெரியவர். துரை முகம் சுளிப்பதைப் பார்த்து, நானே மனத்துக்குள் கணக்குப் போட்டு, “ஐம்பத்திரண்டு” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அரை மணி கழித்து அந்த வக்கீல் பழைய லைசென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் அறுபது என்று இருந்தது. வயதிலேயே பொய் சொல்கிற மனிதர் வேறு எதில் உண்மை சொல்வார் என்று கேட்டார். பெரியவர் தோற்றார்.

கோர்ட் கலைந்ததும் மரைக்காயர் என்னைச் சத்தம் போடவில்லை. கூண்டுக்கு அழைத்துப்போய், என்னையே அதில் ஏறி நிற்கச் சொன்னார். கீழே நின்றுகொண்டு கேட்டார்:

“ஐம்பத்திரண்டுன்னு அந்த ஆளு சொன்னாரா?”

“இல்லைங்க ஐயா.”

“உன்னைக் கேட்டாங்களா?”

“இல்லைங்க.”

“பின்னே யாரு சொன்ன பொய் அது?”

கூட்டிக்கொண்டிருந்த ஆள், காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த கிராணி, அதாவது கோர்ட் குமாஸ்தா, எல்லோரும் பார்த்தார்கள். நான் அழுதுவிட்டேன். அன்று மனத்துக்குள் ஒரு முடிவு செய்தேன், என்ன வந்தாலும் என் வாயால் ஒரு சொல் கூட்டமாட்டேன் என்று. அந்த முடிவு செய்த வேலையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

சாட்சி கூண்டில் ஏறியதும் துரை, “ஸ்வேர் ஹிம்” என்பார். சாட்சி வெள்ளைக்காரராக இருந்தாலும் தமிழராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் அதே இரண்டு சொல்தான். கிராணி ஒரு புத்தகத்தைத் திறந்து ஆங்கில வாசகத்தைத் தன்பாட்டுக்கு முணுமுணுப்பார். அது முடிந்ததும் நாங்கள் தமிழில் சொல்லித்தர வேண்டும், சாட்சி திருப்பிச் சொல்ல வேண்டும். மரைக்காயர் வாயிலிருந்து நான் கேட்டு மனப்பாடம் செய்தது இது: “ஆண்டவன் அறியச் சத்தியமாக, நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை.” சத்தியமாக என்ற இடத்தில் குரல் இறங்க வேண்டும் என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எத்தனையோ சாட்சிகளின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியான இடைவேளைகளில் அவர் அட்டை கிழிந்த ஒரு அகராதியை வைத்துக்கொண்டு பேசுவார். ‘ஆன்ஸர்’ என்கிறோமே, பதில், அந்தச் சொல்லின் வால்பகுதியில் ஒளிந்திருப்பது ‘ஸ்வேர்’தான் என்று ஒருநாள் சொன்னார். பழைய காலத்து இங்கிலீஷ்காரரிடம் பதில் என்றால், தன்மேல் வந்த குற்றச்சாட்டுக்கு எதிராகச் சத்தியம் செய்வதுதானாம். கூட நாலு பேர் வந்து, இவர் பொய் சொல்லமாட்டார் என்று அவர்களும் சத்தியம் செய்தால் வழக்கே முடிந்துவிடுமாம். “நம்ம ஊருல கோயில்ல சூடம் அணைக்கிறாங்களே, அது மாதிரிதான் அவனும் இருந்திருக்கான்” என்று சிரித்தார். எனக்கும் அது பெரிய அதிசயமாக இருந்தது.

இனி கோவிந்தன் வழக்கு. வழக்கு கோவிந்தன் மேல் அல்ல, முத்தையன் மேல். ஆனால் என் மனத்தில் அதற்குப் பெயர் கோவிந்தன் வழக்கு.

இருவரும் மாட்டுவண்டிக்காரர்கள். சிராங்கூன் ரோட்டில் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர்கள் சொல்லும் இடத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கிருந்து கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போவார்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகை வீடு. ஒரே கப்பலில் வந்தவர்கள்.

மாட்டுக் கொட்டகைக் காவல்காரர் ஒருவரை, விளக்கு வைக்கும் நேரத்தில், யாரோ நுகத்தடி முளையால் தலையில் அடித்துவிட்டு ஒரு ஜோடி எருதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காவல்காரர் பிழைத்துக்கொண்டார். அடித்தவன் தலையில் சிவப்பு முண்டாசு இருந்தது, முத்தையன் போல இருந்தான் என்று மாத்தாவிடம் சொன்னார். மாத்தா என்று நாங்கள் சொல்வது போலீஸ்காரரை. முத்தையனுக்குச் சிவப்பு முண்டாசு உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் அந்தக் காவல்காரரோடு தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போட்டதும் உண்டு. எருதுகள் அகப்படவில்லை, முத்தையன் அகப்பட்டான்.

முத்தையன் சொன்ன கதை ஒன்றுதான். அந்த நேரத்தில் அவன் கேலாங் ஆற்றுப் பக்கம் இருந்தான். அவன் வண்டியின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. கோவிந்தனும் அவனும் சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கி, சக்கரத்தைத் தூக்கி, மறுபடி ஏற்றி முடிக்க நன்றாக இருட்டிவிட்டது. வேறு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. வக்கீல் வைக்க அவனுக்கு வசதியில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் கோவிந்தன் ஒருவன்தான்.

அன்று மரைக்காயர் அடுத்த அறையில் வேறு வழக்கில் இருந்தார். இங்கே நான் நின்றேன். கோவிந்தன் கூண்டில் ஏறினான். துரை, “ஸ்வேர் ஹிம்” என்றார். கிராணி முணுமுணுத்தார். நான் குரலை இறக்கி, “ஆண்டவன் அறியச் சத்தியமாக என்று சொல்” என்றேன்.

அவன் சொல்லவில்லை.

கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். அவன் இரண்டு கையாலும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“நடந்தத நடந்தபடி சொல்றேன் தொரை. ஒண்ணும் மறைக்கல. சத்தியம் மட்டும் கேக்காதீங்க.”

சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சத்தியம் செய்யமாட்டேன். ‘ஐ வில் நாட் ஸ்வேர்.’ துரை பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார்.

“அது வீட்டு விஷயம் தொரை.”

அதையும் சொன்னேன். யாராவது மிரட்டினார்களா, காசு கொடுத்தார்களா என்று துரை கேட்டார். இல்லை என்றான். பின் என்ன வீட்டு விஷயம் என்றார். கோவிந்தன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

விதிப்படி நான் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைச் சுற்றி மாதக்கணக்கில் கத்தி படாத தாடி. தலைமுடியும் காதைத் தாண்டி வளர்ந்திருந்தது. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது எங்கள் பக்கத்தில் புருஷன் முடி வெட்டமாட்டான், சவரம் செய்யமாட்டான், பிணம் தூக்கமாட்டான். சத்தியமும் பண்ணமாட்டான். பொய்ச் சத்தியம் மட்டும் ஆகாது என்பதல்ல, மெய்ச் சத்தியமும் ஆகாது. சத்தியம் போய் வயிற்றுப் பிள்ளையின் மேல் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். அதை நாலு பேர் நடுவில், மாத்தாவும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நிறைந்த இடத்தில், என் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான். கண்பட்டுவிடும். இந்தக் கோர்ட்டில் அது புரிந்த ஆள் நான் ஒருவன்.

இல்லை, இன்னொருவனும் இருந்தான். குற்றவாளிக் கூண்டிலிருந்து முத்தையன், “கோவிந்தா, சொல்லுடா” என்றான். ஒரே ஒரு தடவை. அதையும் நான் துரைக்கு மொழிபெயர்த்தேன், அதே குரலில். பிறகு முத்தையன் கோவிந்தனின் தாடியைப் பார்த்தான். கோவிந்தனுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலில் போடுமுன்பே போய்விட்டன என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது தெரியாதா? அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன்னைக் காப்பாற்றச் சொல்லி அதன்பிறகு அவன் கேட்கவேயில்லை.

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. துரை அவர்களே, இது எங்கள் ஜனங்களின் வழக்கம், இவன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், அதனால்தான். இவ்வளவுதான், மூன்று வாக்கியம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அவன் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? ஐம்பத்திரண்டு என்று சொன்ன வாய் இது. நான் கூண்டின் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தியத்துக்குப் பயந்து பின்வாங்குகிறவன் பொய்சாட்சி சொல்ல வந்தவன் என்று துரை முடிவு கட்டினார். கோவிந்தனை இறங்கச் சொல்லி, கோர்ட் கலையும்வரை கம்பிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். முத்தையனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். தீர்ப்பை முத்தையனுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். “சரிங்க” என்றான்.

அன்று சாயங்காலம் நடந்ததைப் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன். முத்தையனின் மனைவி செல்லாயி, கோவிந்தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்தக் கதவின்மேல் தூற்றினாள். “ஒம் புள்ளைக்காக எம் புருஷன வித்துட்டியே. அந்தப் புள்ள உனக்குத் தங்குமா?” என்று கேட்டாள். உள்ளே கோவிந்தனின் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோவிந்தன் வெளியே வந்து, விளக்குமாற்றை எடுத்து, அந்த மண்ணைக் கூட்டினானாம். செல்லாயியையும் நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு வேறு யாரை வைய முடியும்?

இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் கோர்ட் படிக்கட்டில் ஒரு ஆள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வழவழவென்று சவரம் செய்திருந்தது, தலையும் ஒட்ட வெட்டியிருந்தது.

“நான் கோவிந்தன் ஐயா. சுண்ணாம்பு வண்டி.”

அந்தச் சவரம் செய்த முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது என்பதை அன்று பார்த்த தாடியை வைத்து நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

“எட்டாம் மாசத்துலயே பொறந்துச்சு. உசுரில்ல. ஆம்பளப் புள்ள” என்றான். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். “இப்ப நான் சத்தியம் பண்றேன் ஐயா. இனிமே ஒரு தடையும் இல்ல. எங்க நிக்கணும்?”

கோர்ட்டில் வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும் அதைப் போல ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் மரைக்காயர் முன்னால் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன், தாடியைப் பார்த்துப் புரிந்துகொண்டும் சும்மா நின்றதைத் தவிர. மரைக்காயர் கோவிந்தனை உட்காரச் சொன்னார். அவன் தரையில் உட்கார்ந்தான். கவர்னருக்கு மனு எழுதலாம், அதோடு இவனுடைய வாக்குமூலத்தை இணைக்க வேண்டும் என்றார். வாக்குமூலத்தின் தலைப்பில் எழுதுவதற்காகக் கிராணியின் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு வாசகங்கள் இருந்தன. முதலாவது கிறிஸ்தவர்களுக்கு, வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்துச் சொல்வது. அதில் ‘ஸ்வேர்’ இருந்தது. இரண்டாவதின் தலைப்பில் இந்துக்கள், முகமதியர்கள் என்று போட்டிருந்தது. அதில் ‘ஸ்வேர்’ இல்லை. ‘அஃபர்ம்’ என்று இருந்தது. தெய்வத்தின் பெயரும் இல்லை. உறுதிப்படுத்துகிறேன் என்பதுதான் அதன் பொருள். வேறு ஒன்றும் இல்லை. கிராணியின் முணுமுணுப்பில் அத்தனை வருஷமும் அது என் காதில் சரியாக விழவேயில்லை. துரைகள் எல்லோருக்கும் சேர்த்து ‘ஸ்வேர் ஹிம்’ என்று சொன்னதால், நானும் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

“ஐயா, இதுல சத்தியமே இல்லையே” என்றேன்.

மரைக்காயர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியும்.”

“நம்ம தமிழ்ல இருக்கே.”

“நான்தான் வெச்சேன். உனக்கு மீசை முளைக்குமுன்னே.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்போ பொய்சாட்சிக்காரனுங்க வாசல்லயே நிப்பானுங்க. அரை ரொட்டிக்கு வந்து என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போவான். உறுதியாச் சொல்றேன்னு சொல்லச் சொன்னா, அது அவனுக்குச் சந்தைக்கடைப் பேச்சு. சத்தியம்னு கேட்டாத்தான் வாய் நடுங்கும். நடுங்கட்டும்னு வெச்சேன். நல்லதுக்குன்னுதான் வெச்சேன் தம்பி.”

பொய் சொல்கிறவனைப் பயமுறுத்த அவர் வைத்த சொல்லுக்கு, உண்மை சொல்ல வந்தவன் பயந்தான். நம் சொந்தச் சொல் ஒன்றும் நடுவில் நுழையக்கூடாது என்று என்னைக் கூண்டில் ஏற்றிய மனிதர்தான் அவர். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிறகு மனுவைத் தானே எழுதினார். அதில் ஒரு பத்தி, இந்தக் கோர்ட்டில் தமிழ்ச் சாட்சிகளைச் சட்டம் கேட்காத சத்தியத்தைச் சொல்ல வைத்தவன் நான், தவறு என்னுடைய தமிழில் இருக்கிறது, சாட்சியிடம் இல்லை என்பது. கையெழுத்துப் போட்டு மை உலர்த்தும் காகிதத்தால் ஒற்றினார்.

மனுவின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதில் வர ஏழெட்டு மாதம் ஆனது. முத்தையனை விடுதலை செய்தார்கள். வெளியே வந்ததும் அவன் முதலில் போனது கோவிந்தன் வீட்டுக்கு. இருவரும் பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே செல்லாயியை அழைத்துக்கொண்டு ஜோகூரில் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டான். மரைக்காயருக்குப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்த நாற்காலி எனக்கு வந்தது. அவர் தன் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் பங்கை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்த இரண்டு பேருக்கும் என் பதில் இதுதான். ‘உறுதியாகச் சொல்கிறேன்’ என்று போடுங்கள். யாராவது அது பலமில்லாத சொல் என்றால், பலமில்லாமலே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

மனு எழுதிய மறுநாள் கோவிந்தனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்கள். கிராணி வாசித்தார். மரைக்காயர் அறையில் இருந்தார். ஆனால் என்னைத்தான் சொல்லித்தரச் சொன்னார்.

“நான் உண்மையை உறுதியாகச் சொல்கிறேன் என்று சொல்” என்றேன்.

“நான் உண்மைய உறுதியாச் சொல்றேன்” என்றான் கோவிந்தன். நிறுத்தி, இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். “அப்புறம் ஐயா?”

“அவ்வளவுதான்.”

“சத்தியம்?”

“வேண்டாம். இதுவே போதும்.”

கேலாங் ஆறு, சேறு, சக்கரம், இறக்கிய மூட்டைகள், எல்லாவற்றையும் அவன் நிதானமாகச் சொன்னான். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல, கிராணி எழுதிக்கொண்டார். கட்டைவிரலில் மை தடவி உருட்டினார்கள். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது கேட்டான்.

“அன்னிக்கும் இவ்வளவுதானா ஐயா கேட்டாங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். சட்டம் இப்போதுதான் மாறியது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். “அன்னைக்கும் இவ்வளவுதான் கோவிந்தா. தப்பு எங்களுது” என்றேன்.

அவன் கோபப்படுவான், வைவான் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும். அவன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, மை ஒட்டிய கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மை போகவில்லை.

“அத விடுங்க ஐயா. எழுதினவங்க தப்பு, படிச்சவங்க தப்பு, அது எனக்குத் தெரியாது” என்றான். “அன்னிக்கு நீங்க என் தாடியப் பாத்தீங்க. நான் பாத்தேன், நீங்க பாத்தத. நீங்களும் நம்ம ஆளு, உங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதான் நான் வேற ஒண்ணும் பேசல. நீங்க தொரைகிட்டச் சொல்லிடுவீங்க, சொல்லிடுவீங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன் ஐயா.”